சிவப்பு சோத்துக்கைப் பக்கம்

ராசு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கார்டில் நாலு வரிக்கு மேல் எழுதாத மனுஷன் இப்படிக் கத்தையாக எழுதியிருக்கிறாரே, கிழவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது. போன வாரம் மருமகள் வள்ளி எனக்கு எழுதியிருந்தாள். நீ சொல்லி அவள் எழுதவில்லை, உனக்குத் தெரியாமல்தான் எழுதியிருக்கிறாள், அதற்காக அவள்மேல் பாயாதே. வாலிநோக்கத்துக்குக் கரண்ட் வந்துவிட்டதாம். உப்பளத்து வரிசையில் எல்லா வீட்டிலும் பல்பு எரிகிறதாம், உன் வீட்டைத் தவிர. "மாமா, கம்பம் நம்ம வாசலுக்கு நேராத்தான் நிக்கிது. லைன்மேன் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாக. இவுக சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டேங்காக. பிள்ளை அரிக்கேன் புகையில இருமிக்கிட்டே படிக்கிது. ஏன் இப்படினு கேட்டா, என் கை ஆகாத கை, நான் தொட்டா உசிரு போயிரும்ங்காக. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்காக" என்று எழுதியிருக்கிறாள்.

அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவன் நான். ஒன்பது வருஷமாக அதை நீ மென்றுகொண்டிருக்கிறாய், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி வைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு சேது என்று ஓர் அண்ணன் இருந்தான் என்பதைத் தவிர வள்ளிக்கு வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறது. அதனால் அவளுக்கும் விளங்குகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். பொறுத்துக்கொண்டு படி, ஏனென்றால் உனக்குத் தெரியாதது அதற்குள்தான் கிடக்கிறது.

சேது கொழும்பில் ஓர் ஓட்டலில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தபோது நீயும் நானும்தான் தனுஷ்கோடித் துறைக்குப் போய் அழைத்து வந்தோம். உன் ஆத்தாவுக்குச் சேலை, எனக்கு ஒரு ரேடியோ, உனக்கு ரெண்டு சட்டை, அவனுக்கு என்று ஒரு கிடார். கைலியைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போலத் தூக்கிவந்தான். நல்ல சம்பளக்காரன் ஆகி வருவான் என்று பார்த்தால் பாட்டுக்காரன் ஆகி வந்திருக்கிறானே என்று நான் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாளே ராமநாதபுரத்தில் இருக்கிற நம் ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை ரேடியோ வழியாகக் கேட்க முடியுமா என்று கேட்டான். மைக்கை முன்னால் வைத்துப் பார்த்தேன், ஊளையிட்டது. அவன் சிரித்தான். "மைக்கே வேணாம்யா. கொழும்புல ஒரு வெள்ளைக்காரன்ட்ட பார்த்தேன். கம்பிக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி. உள்ள காந்தம், அதச் சுத்திச் செம்புக் கம்பி. மேல இரும்புக் கம்பி ஆடுனா, ஆடுறது அப்படியே கரண்டா வந்துருது. பிக்கப்னு பேரு" என்றான். எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. ரேடியோ ரிப்பேர்க்காரனிடம் வந்து வெள்ளைக்காரன் செய்திருக்கிறான் என்று சொன்னால், தூங்குவானா? அவன் கேட்டது பாட்டுக்காக. நான் இறங்கியது வீம்புக்காக. அந்த வித்தியாசத்தை இப்போதுதான் எழுத முடிகிறது.

அந்த ரெண்டு மாசம் நாம் மூன்று பேரும் ஒரே மேஜையில் இருந்தோம். அதுபோல அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் எடுத்த ஹெட்போன்களை உடைத்துக் காந்தம் எடுத்தேன். தலைமயிரைவிட மெல்லிய கம்பியைக் கைத் துளைப்பானில் மாட்டி நீ சுற்றினாய், நான் விரலிடுக்கில் கம்பியைப் பிடித்து வழி காட்டினேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று சேது எடுத்து வைத்தான். நாற்பது கொட்டையில் நிறுத்திய சுருள் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒலித்தது. சரி, கூடச் சுற்றினால் சத்தம் கூடும் என்று எண்பது கொட்டை வரை போனோம். சத்தம் கூடியது, ஆனால் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி மழுங்கிவிட்டது. அறுபதில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான்யா, இதத் தொடாதீக" என்றான். நீ இடதுகைக்காரன், நொட்டாங்கையால்தான் சுற்றினாய். ஆறாயிரம் சுற்றில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நடுவில் உன் ஆத்தா சோற்றுக்குக் கூப்பிட்டபோது, எண்ணிக்கை போய்விடும் என்று வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாய். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் நீ. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஒன்று போதாதென்று ரெண்டாவது சுருளும் செய்தோம். ஒன்றைக் கிடாரின் கழுத்துப் பக்கம் வைத்தோம், இன்னொன்றைக் கம்பி முடிகிற அடிப் பக்கம் வைத்தோம். "அது தொண்டையிலருந்து பாடுது, இது மூக்குலருந்து பாடுது" என்றான் சேது. ரெண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் கனத்து வந்தது, பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் தெளிந்து வந்தது. ஒரு தடவை ஒன்றின் முனைகளை நான் மாற்றி, ஈயத்தை உருக்கிப் பத்தவைத்துவிட்டேன். ஒன்று சொல்வதை மற்றது மறுத்து, மிச்சம் மீதியாக ஒரு நோஞ்சான் சத்தம் வந்தது. "ஆத்தாளும் அய்யாவும் பேசுற மாதிரி இருக்கு" என்று அவன் சொல்ல, நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். உப்புக்காற்றில் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும் என்று ரெண்டையும் மெழுகில் முக்கி எடுத்தேன். எல்லாம் கூடிவந்தது. ஒன்றே ஒன்றுதான் போகவில்லை. வாசிக்காமல் நிறுத்தினால் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. சேதுவின் கை கம்பியில் பட்டால் குறையும், எடுத்தால் கூடும்.

அந்த இரைச்சலைக் கொல்ல நான் செய்தவைதான் உன் அண்ணனைக் கொன்றன. வள்ளிக்கும் விளங்கும்படி சொல்கிறேன். சேது எனக்குக் கொண்டுவந்த ரேடியோவின் வழியாகத்தான் கிடாரைக் கேட்டோம். அது டிரான்ஸ்பார்மர் இல்லாத மலிவு செட். அந்த மாதிரி செட்டில் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு, சுவரிலிருந்து வருகிற ரெண்டு கம்பியில் ஒன்றோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கின் ரெண்டு முனையும் ஒரே அளவு, எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். ஒரு பக்கமாக மாட்டினால் தகட்டில் ஒன்றும் இருக்காது. திருப்பி மாட்டினால் தகடு முழுக்கக் கரண்ட். அதனால்தான் கம்பெனிக்காரன் மரப் பெட்டிக்குள் தகட்டை ஒளித்துவைத்து, வெளியே கிராமபோன் செருகுகிற துளைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்டென்சரைக் காவலுக்கு வைத்திருந்தான். பிளக் எப்படி மாட்டியிருந்தாலும் அது கரண்டைத் தாண்ட விடாது, மிஞ்சினால் விரலில் ஒரு கூச்சம் தெரியும், அவ்வளவுதான். முதலில் கிடாரின் இரும்புக் கம்பிகளிலிருந்து ஒரு வயர் இழுத்துச் சுருளின் தரைக் கம்பியோடு, கிடாரைச் செருகிய அந்தத் துளை வழியாகத் தகட்டுப் பக்கம் போகிற கம்பியோடு, சேர்த்தேன். இரைச்சல் முக்கால்வாசி போனது. மிச்சக் கால்வாசிக்குக் காரணம் அந்தக் கண்டென்சர்தான் என்று கண்டுபிடித்து, சேது வாசிப்பதாக இருந்த உன் மாமன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தபோது, அதை வெட்டி எடுத்துவிட்டு நேராகப் பத்தவைத்தேன். இரைச்சல் அடியோடு நின்று, வாசிக்காதபோது செட் ஊமை மாதிரி ஆயிற்று. சேது வந்து கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். வெட்டினதை நான் அவனிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

ஆபத்து எனக்குத் தெரியும், ராசு. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. தெரிந்ததனால்தான் பிளக்கில் தகட்டோடு சேர்ந்த முனையின் ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் வைத்தேன். நம் கடைச் சுவரில் எந்தத் துளையில் கரண்ட் வருகிறது என்று டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்து, சிவப்பு வலது பக்கம் இருந்தால் செட் தகட்டில் ஒன்றும் இருக்காது என்று முடிவு செய்தேன். உன்னிடம் "சிவப்பு சோத்துக்கைப் பக்கம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீயும் கேட்கவில்லை. ஊரில் எல்லாச் சுவரும் என் கடைச் சுவர் இல்லை என்பதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பரமக்குடியில் உன் மாமன் மகள் கல்யாணம். வாசலில் பந்தல் போட்டு, வைகை மணலைப் பரப்பி, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மைக்செட் போட வந்திருந்த பையன் நல்லவன். நம் ரேடியோவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத எதுக்குச் சொமந்துட்டு வந்தீக, என் ஆம்ப்ளிபையர்ல மாட்டிக்கிருங்க, நல்லா எடுக்கும்" என்றான். அவனுடையது டிரான்ஸ்பார்மர் வைத்த பெரிய செட், சுவர்க் கரண்ட் அதன் தகட்டுக்கு வராது. மாட்டியிருந்தால் சேது இன்றைக்கு முப்பத்தஞ்சு வயது மனுஷனாக எங்கேயாவது எனக்கு அடங்காமல் திரிந்துகொண்டிருப்பான். ஊருக்குள் நாலு பேர் பார்க்க, நேற்று முளைத்தவனுடைய செட்டை நான் கேட்டு வாங்குவதா என்று, "எங்களுக்கு எங்க செட்டு இருக்கப்பா" என்றேன். டெஸ்ட் பல்பு என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தால் அவன் என்ன நினைப்பானோ, தெரியாதவன் தடவுகிறான் என்று நினைப்பானோ என்று எடுக்கவில்லை. சேது ரப்பர் அடி வைத்த கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தான். "ஏலே, பெரியவுக உக்காந்திருக்காக, குத்துவிளக்கு எரியுது, கழட்டி வச்சுட்டு வாசி" என்று சொன்னவனும் நான்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈர மணலில் வெறுங்காலோடு நின்றான்.

மாட்டு என்று நான் கை காட்டினேன். நீ மாட்டினாய். செட் சூடாகட்டும் என்று சேது கையைக் கட்டிக்கொண்டு, மணப்பெண்ணைப் பார்த்து ஏதோ கேலி செய்துகொண்டு நின்றான். பிறகு இடது கையைக் கழுத்தில் வைத்து, வலது கையைக் கம்பியில் போட்டான். விரல்கள் மூடிக்கொண்டன. அவன் எப்போதும் கோமாளித்தனம் செய்கிறவன் என்பதால் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். உன் ஆத்தாளும் சிரித்தாள். எனக்கு மட்டும் அது என்ன என்று தெரியும். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் முடிந்துவிட்டது. கிடார் அவன்மேல் கிடந்தது. அதை எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது, அவன் பிடி விடவில்லை.

இதுவரைக்கும் நீ பார்த்தது. இனிமேல் எழுதுவது நான் மட்டும் பார்த்தது. வீட்டுக்குள் ஒப்பாரி எழுந்து, எல்லாரும் அவனைச் சுற்றி நின்ற நேரத்தில் நான் அந்தச் சுவருக்குப் போனேன். பல்பின் ஒரு வயரை ஈர மணலுக்குள் இருந்த பந்தல்கால் இரும்பில் வைத்து, இன்னொன்றைத் துளையில் வைத்தேன். இடது துளையில் எரியவில்லை. வலது துளையில் எரிந்தது. அந்த வீட்டில் கம்பி இழுத்தவன் நம் கடைக்கு நேர்மாறாக இழுத்திருந்தான். சிவப்பை சோத்துக்கைப் பக்கம் மாட்டினதனால்தான் சேது செத்தான். நான் சொன்னதை நீ மீறியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

பல்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினால் நீ நிற்கிறாய். "அய்யா, நான் சோத்துக்கைப் பக்கம்தானய்யா வச்சேன்? வச்சேன்ல?" என்று கேட்டாய். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராசு. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். செட் யாருடையது, வயர் யார் இழுத்தது, ஏன் சுவரைப் பார்க்கவில்லை. பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மைக்செட்காரனும் நின்றான். நான், "எந்தக் கையில சோறு திங்கிறோம்னே தெரியாத நொட்டாங்கைப் பயலே, திருப்பி மாட்டிட்டியேடா" என்றேன். நீ உன் ரெண்டு கைகளையும் பார்த்தாய். போலீஸ்காரர் வந்தபோதும் அதையேதான் சொன்னேன், கைத்தவறு, இளையவன் பிளக்கைத் திருப்பி மாட்டிவிட்டான் என்று. அவர் உன்னைப் பாவம் பார்த்து விட்டுவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்புவதற்கு முன், பிளக்கில் இருந்த சிவப்பைக் கத்தியால் சுரண்டிவிட்டேன். பெற்ற மகன் வாசலில் கிடக்கும்போது நான் செய்த வேலை அது.

உன் ஆத்தா கிடாரை அடுப்பில் வைத்தாள். மறுநாள் சாம்பல் அள்ளும்போது உள்ளே காந்தங்கள் மட்டும் கிடந்தன, ஒன்றில் ஓர் ஆணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் உனக்குத் தன் கையால் சோறு போட்டதில்லை. சட்டியை உன் முன்னால் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். நீயாகப் போட்டுத் தின்றாய். நான் எதிரில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றேன். கரண்டே இல்லாத ஊர் எது என்று தேடிப்பிடித்து நீ வாலிநோக்கத்து உப்பளத்துக்குப் போனாய், நான் பஸ் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். உன் ஆத்தா சாகக் கிடந்தபோது, உனக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். "அவன் வேணும்னு செய்யலேல்ல? தெரியாமத்தானே மாட்டுனான்? நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிருங்க" என்றாள். உன்னை மன்னித்தாள், ராசு. மன்னிக்க உன்னிடம் ஒன்றுமே இல்லாதபோது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரி, சொல்கிறேன் என்றேன். அவள் சொன்னதையும் உன்னிடம் சொல்லவில்லை. அந்த மன்னிப்பை உன்னிடம் கொண்டுவந்தால் பொய்யையும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் எனக்குத் தெம்பில்லாமல் போயிற்று.

ரேடியோவில் கோளாறு என்றால் சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும், நடுவில் எதையும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் எல்லாம் என்னிடம்தான் வந்து நிற்கிறது. நீ உன் மகளுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடு, செய்யச் சொல்வதை ஏன் என்பதோடு சேர்த்துச் சொல்லிக்கொடு. தப்பு உன்னுடையது என்றால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, கூட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. மறுநாள் அது இன்னும் கனக்கும். இதற்குமேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முந்தாநாள் பரமக்குடிக்குப் போய் உன் மாமனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவரைக் காட்டித்தான் சொன்னேன், அந்தத் துளை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவர் அந்தத் துளைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, "இத எங்கக்கா இருக்கும்போது சொல்லியிருந்தா, அந்தப் பயலுக்கு ஒருவாய் சோறு போட்டிருப்பால்ல மச்சான்?" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைக்காதே. வள்ளிக்குப் படித்துக் காட்டு, உப்பளத்தில் யாரிடமாவது உன் கையைப் பற்றி ஏதாவது சொல்லி வைத்திருந்தால் அவர்களுக்கும் காட்டு. என்னைப் பார்க்க வர வேண்டும் என்று இதை எழுதவில்லை. வராமல் இருந்தால் அது நியாயம்தான்.

லைன்மேனைக் கூப்பிட்டுக் கரண்ட் வாங்கு. மூன்று முனைப் பிளக்தான் வேண்டும் என்று கறாராகச் சொல். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் வைக்கச் சொல். உப்புக்கு நீ எங்கும் போக வேண்டாம், உன் பாத்தியிலிருந்து அள்ளிப் போடு. முதல் சுவிட்சை நீயே போடு, உன் நொட்டாங்கையாலேயே போடு.

கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும். அதில் அந்தப் பிளக் இருக்கிறது. ஒன்பது வருஷமாக என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவசரத்தில் சுரண்டியவன் முழுதாகச் சுரண்டவில்லை. முனையின் அடியில், திருகுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தைப் பார், கொஞ்சம் சிவப்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு நான் பிடுங்கும்போது பார்த்தேன், ராசு. அது சோத்துக்கைப் பக்கம்தான் இருந்தது.

அய்யா